தளம் போடும் நாளில் வானம் என்னவெல்லாம் செய்யும், தெரியுமா?

"இன்று அதிகபட்சம் 39 டிகிரி" என்று செய்தியில் சொல்கிறார்களே, அந்த 39 எங்கே எடுத்த கணக்கு, தெரியுமா? நிழலில்! வெள்ளை பூசிய ஒரு மரப்பெட்டி. நான்கு பக்கமும் காற்று புகச் சாய்வுப் பலகைகள். தரைக்கு ஏறக்குறைய நான்கடி மேலே, அதற்குள் பத்திரமாக இருக்கிறது வெப்பமானி. வெயில் நேராகப் பட்டால் அளவு தப்பிவிடும் என்பதால் உலகம் முழுக்க இதுதான் விதி. அதே நேரத்தில் விழுப்புரம் நான்குமுனைச் சந்திப்புப் பக்கம் ஏதோ ஒரு மூன்றாவது மாடியில் கம்பி கட்டிக்கொண்டிருப்பவருக்கு அப்படி ஒரு பெட்டி கிடையாது. தலைக்கு மேல் சூரியன், காலடியில் சென்ட்ரிங் தகடு, கையில் சுடும் கம்பி. அவர் நிற்கும் இடத்தின் சூடு எந்த அறிக்கையிலும் வருவதில்லை!

அதை அளக்கவும் வழி இருக்கிறது என்பது தெரியுமா? டபிள்யூ.பி.ஜி.டி. என்று ஒரு கணக்கு. 1950களில் அமெரிக்கப் படைப் பயிற்சி முகாம்களில் வெயிலில் ஆட்கள் சுருண்டு விழுந்ததால் கண்டுபிடித்தார்கள். ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கு 70 சதவீத மதிப்பு, வெயிலில் வைத்த கறுப்பு உருண்டைக்கு 20, நாம் செய்தியில் கேட்கும் நிழல் வெப்பத்துக்கு வெறும் 10! ஏன் ஈரத்துக்கு இவ்வளவு மதிப்பு? வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை வழியும், காயாது. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் கடல் 30 கி.மீ.க்குச் சற்றுக் கூடுதல்தான். ஈரம் வந்து சேர்ந்துவிடும். கடற்காற்றோ, மேற்குக் காற்று பலமாக வீசும் நாளில் சாயங்காலம் வரை எட்டிப் பார்க்காது.

கத்தாரில் 2021 முதல் இந்தக் கணக்கு 32.1ஐத் தாண்டினால் எந்த மாதமானாலும் வெளிவேலையை நிறுத்தியாக வேண்டும். அதுபோக ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து மதியம் 3.30 வரை வெயிலில் வேலையே கிடையாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் 12.30 முதல் 3 மணி வரை. பக்கத்துக் கேரளத்திலேயே தொழிலாளர் துறை கோடையில் மதியம் 12 முதல் 3 வரை வெயில் வேலைக்குத் தடை போட்டு உத்தரவிடுகிறது. வளைகுடாவுக்குப் போய் வந்த நம் ஊர்க் கம்பி வேலைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், அந்த மதிய ஓய்வைப் பற்றித்தான் முதலில் சொல்வார்கள்.

சரி, நம் பக்கம் கட்டட வேலை ஏன் சரியாகக் கொளுத்தும் மாதங்களிலேயே குவிகிறது? ஆடியில் வேலை தொடங்கத் தயங்குவோம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. தமிழ்நாட்டுக்கு ஆண்டு முழுக்கக் கிடைக்கும் மழையில் ஏறக்குறைய பாதி அந்தப் பருவத்தில்தான் கொட்டுகிறது. மார்கழி முடிந்து தை பிறந்தால்தான் அஸ்திவாரம். தையில் தோண்டினால் மாசி, பங்குனியில் சுவர் எழும்பி, தளம் போடும் நாள் எங்கே வந்து விழும்? சித்திரையில்! அக்னி நட்சத்திரத்தில்! மழையில் வேலையில்லாமல் உட்கார்ந்த கொத்தனாரும் சித்தாளும் விட்ட கூலியைப் பிடிக்க அந்த வெயிலில்தான் ஏறியாக வேண்டும்.

இனி சிமெண்டின் கதை. சிமெண்ட் இறுகத் தொடங்குவதற்குக் குறைந்தது 30 நிமிடம் ஆக வேண்டும், 600 நிமிடத்துக்குள் இறுகி முடிய வேண்டும் என்பது இந்தியத் தரநிர்ணயம். அந்தச் சோதனையை எத்தனை டிகிரியில் செய்கிறார்கள் தெரியுமா? 27ல்! நமக்கு 27 என்றால் அது மார்கழிப் பகல். சித்திரையில் திறந்தவெளியில் கொட்டிக் கிடக்கும் ஜல்லியும் மணலும் காலை 10 மணிக்கே கையை வைக்க விடாது. கான்கிரீட்டின் உடம்பில் முக்கால் பங்கு ஜல்லியும் மணலும்தான். அவை சுட்டால் கலவையே சுடும். சூடான கலவை அவசரமாக இறுகும், இறுகும் அவசரத்தில் மேல்பரப்புத் தண்ணீர் ஆவியாகி, மட்டம் தட்டிக் கை எடுப்பதற்குள் மயிரிழை விரிசல் ஓடும். அதனால்தான் கொட்டும்போது கலவையின் சூடு 40 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று வெப்பக்கால கான்கிரீட்டுக்கென்றே இந்தியாவில் 1975லேயே தனி விதி எழுதி வைத்தார்கள்.

துபாயின் புர்ஜ் கலீஃபாவுக்குக் கோடையில் இரவில்தான் கான்கிரீட் ஏற்றினார்கள், அதுவும் கலவையில் ஐஸ் போட்டு! அமெரிக்காவின் ஹூவர் அணையில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். சிமெண்ட் தண்ணீரோடு சேரும்போது அதுவாகவே சூட்டை வெளிவிடும். அவ்வளவு பெரிய அணை தானாக ஆற நூறு ஆண்டுக்கு மேல் ஆகும் என்று கணக்குப் போட்டு, கான்கிரீட்டுக்குள்ளேயே குழாய்களைப் பதித்துக் குளிர்ந்த தண்ணீரை ஓடவிட்டார்கள். ஆனால் 1931 கோடையில் அதே அணை வேலையில் மனிதர்கள் வெப்பம் தாங்காமல் செத்து விழுந்தார்கள். அதற்குப் பிறகுதான் ஹார்வர்டிலிருந்து ஆராய்ச்சியாளர்கள் வந்து, ஆட்கள் போதிய தண்ணீர் குடிப்பதில்லை என்று கண்டு சொன்னார்கள்.

திண்டிவனத்தில் ஒரு தெருவில் தளம் போடும் நாளைப் பார்த்திருக்கிறீர்களா? விடியும் முன்பே மிக்ஸர் மெஷின் வந்து நிற்கும். எலுமிச்சம்பழம், மஞ்சள், குங்குமம், கற்பூரம். முதல் சட்டிக் கலவையை வீட்டுக்காரர் கையால் கொட்டுவார். அப்புறம் பேச்சு கிடையாது, ஓட்டம்தான். சித்தாள் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை மாட்டி, தலையில் சும்மாடு கட்டி வரிசை பிடித்து நிற்பார்கள். சட்டி கை மாறிக் கை மாறி மேலே போகும். கம்பிச் சட்டகத்தின் மேல் போட்ட பலகையில் நடந்து ஒருவர் கொட்ட, ஒருவர் வைப்ரேட்டரை இறக்க, கொத்தனார் மட்டக்கோலை இழுத்துக்கொண்டே பின்னால் நகர்வார். தொடங்கினால் நடுவில் நிறுத்த முடியாது! ஏன் தெரியுமா? ஒரு பகுதி இறுகிய பிறகு அடுத்த பகுதியைக் கொட்டினால் இரண்டும் ஒட்டாது. அந்த இடத்தில் ஒரு கோடு விழும், பின்னாளில் அந்தக் கோடு வழியாகத்தான் மழை ஒழுகும். சிமெண்ட் காத்திருக்காது என்பதால் உச்சி வெயிலிலும் ஆள் உட்கார முடியாது. அதிகாலை 4 மணிக்கே தொடங்கி 10 மணிக்குள் முடித்துவிடும் மேஸ்திரிகள் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அவர்கள்தான் இந்தத் தொழிலின் அறிஞர்கள்.

தளம் போட்ட மறுநாள் என்ன நடக்கும்? ஓரங்களில் சிறு வரப்பு கட்டி, பாத்தி பிரித்துத் தண்ணீர் நிறுத்துவார்கள். தூண்களுக்கு ஈரச் சாக்கு சுற்றுவார்கள். வெப்பமான உலர்ந்த காலத்தில் குறைந்தது 10 நாள், சாம்பல் கலந்த சிமெண்டுக்கு 14 நாள் ஈரம் காய விடாதே என்கிறது இந்தியத் தரநிர்ணயம். கான்கிரீட்டுக்கு எத்தனை அக்கறை! நிழல் பந்தல், ஐஸ், ஈரச் சாக்கு, 14 நாள் தண்ணீர். அதைக் கொட்டிய பெண்ணுக்கு?

மனித உடம்புக்கும் இப்படி ஒரு விதி உண்டு. வெயிலில் கடும் வேலை செய்பவர் 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும், தாகம் எடுக்கக் காத்திருக்கக் கூடாது. வெயிலுக்கு உடம்பு பழக 1 முதல் 2 வாரம் ஆகும். வேலையிடத்தில் வெப்பத்தால் சாகிறவர்களில் பெரும்பாலோர் வேலைக்கு வந்த முதல் சில நாள்களிலேயே சாகிறார்கள் என்று அமெரிக்கப் பதிவுகள் காட்டுகின்றன. திருவிழாவுக்கு ஊருக்குப் போய் சில வாரம் இருந்துவிட்டுத் திரும்புகிறவரும் புதியவர்தான், பழக்கம் விட்டுப்போயிருக்கும்! உடம்பின் உள்வெப்பம் 37. அது 40ஐத் தொட்டால் பேச்சு குழறும், நினைவு தடுமாறும். அப்போது நிழலுக்குத் தூக்கி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே 108ஐ அழைக்க வேண்டும். "கொஞ்ச நேரம் படுத்தா சரியாயிடும்" என்று விட்டால் உயிர் போகும்.

இன்னொன்று தெரியுமா? சித்தாள் பெண்களில் பலர் வேலை நேரத்தில் தண்ணீரே குடிப்பதில்லை. கழிப்பறை கிடையாது, அதனால்! சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபால் குழு பல ஆண்டுகளாக இதை ஆராய்கிறது. தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்த அவர்களின் ஆய்வில், வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு ஆபத்து இரண்டு மடங்கு என்று தெரிந்தது. இரண்டு மடங்கு! நாலு தகரம் வைத்துக் கட்டும் ஒரு கழிப்பறை எவ்வளவு பெரிய மருத்துவம் என்று இதைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

கம்பிக்கும் வெயில் தெரியும். கடையில் வரும் கம்பி 12 மீட்டர். விடியற்காலைக்கும் உச்சிவெயிலுக்கும் அதன் சூடு 30 டிகிரி மாறினால் அது 4 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். இதே கணக்கில் கட்டற்ற 1 கி.மீ. தண்டவாளம் 36 செ.மீ. நீளப் பார்க்கும்! விடமாட்டோம் என்று கட்டைகளும் ஜல்லியும் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் ரயில் ஓடுகிறது. கோடை மதியத்தில் தண்டவாளம் நெளிந்திருக்கிறதா என்று பார்த்தபடி டிராக்மேன்கள் நடப்பார்கள். விழுப்புரம் சந்திப்பிலிருந்து பிரியும் பாதைகளில் கோடையில் ரயிலில் போகும்போது ஜன்னல் வழியே அவர்களைத் தேடிப் பாருங்கள்.

ரோடு போடும் ஆள்களின் நிலை? அது தனி உலகம். வி.ஜி.30 வகைத் தார்க் கலவை லாரியிலிருந்து இறங்கும்போது 140 டிகிரிக்குக் குறையக் கூடாது. ரோலர் ஓட்டி முடிக்கும் வரை 90க்குக் கீழே போகக் கூடாது. அதாவது கொதிக்கும் தண்ணீரைவிடச் சூடான ஒரு தரையின் ஓரத்தில் நின்று வாரிச் சமன் செய்கிறார்கள், மேலே மே மாதச் சூரியன்! மழைக்காலத்தில் செய்யலாமே என்றால் முடியாது. ஈரத் தரையில் தார் ஒட்டாது, மழையில் போடக் கூடாது என்பது விதி. சென்னை, திருச்சி, புதுச்சேரி, திருவண்ணாமலை என்று நாலா திசைக்கும் திண்டிவனத்திலிருந்து பிரியும் சாலைகள் எல்லாம் இப்படி வெந்த கால்களால் போட்டவை.

இப்போது மழைக்கு வருவோம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்து, நகராமல் அங்கேயே நின்றது. டிசம்பர் 1 காலை வரையிலான 24 மணி நேரத்தில் திண்டிவனத்துக்குப் பக்கத்து மயிலத்தில் பெய்த மழை எவ்வளவு தெரியுமா? 51 செ.மீ.! தமிழ்நாடு ஓர் ஆண்டு முழுக்கச் சராசரியாகப் பெறுவது 92 செ.மீ. அளவுதான். 1,000 சதுர அடித் தளம் ஒன்றின் மேல் மட்டும் அந்த ஒரு நாளில் 47,000 லிட்டருக்கு மேல் விழுந்திருக்கும், 12,000 லிட்டர் டேங்கர் லாரி நான்கு வந்து கொட்டியது போல.

புயல் கிடக்கட்டும், சாதாரண ஒரு சென்டிமீட்டர் மழை போதும். அன்றைக்குப் போட்ட அதே 1,000 சதுர அடித் தளத்தில் 930 லிட்டர் இறங்கும். ஒரு மூட்டை சிமெண்டுக்குத் தேவையான தண்ணீர் ஏறக்குறைய 25 லிட்டர். அப்படியானால் 37 மூட்டைக்கான தண்ணீர் கூடுதலாக வந்து சேர்கிறது! மேல்பரப்புச் சிமெண்ட் பாலாக வழிந்து ஓடும், மணல் தெரியும். அதனால்தான் வானம் கறுத்தால் மேஸ்திரி முதலில் தேடுவது தார்ப்பாய். அது தளத்தின் மேலே, கம்பி கட்டும் நாளிலேயே வந்து கிடக்க வேண்டும்.

ஆற்றில் கட்டுவது இன்னும் பெரிய சவால். விழுப்புரம் அருகே தென்பெண்ணையில் 1949-50ல் கட்டிய எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டு எழுபது ஆண்டு நின்று, 2021 நவம்பர் வெள்ளத்தில் உடைந்தது. அதே ஆற்றில் சுமார் 25 கோடி ரூபாயில் கட்டி 2020ல் திறந்த தளவானூர் தடுப்பணை 2021 ஜனவரியிலேயே உடைந்தது. பக்கத்து மாவட்டத்தில் அகரம்பள்ளிப்பட்டுப் பாலம் 2024 செப்டம்பரில் திறந்து, அந்த டிசம்பர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. சாத்தனூர் அணையிலிருந்து அன்று விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டிருந்தார்கள். பொதுவாகப் பாலத்தை வீழ்த்துவது மேலே மோதும் தண்ணீரைவிட, அடியில் மணலை அரித்துத் தூணின் காலை வாரும் தண்ணீர்தான்.

வெள்ளம் பாலத்தைச் சாய்த்தால், புயல் சாரத்துக்கான மரத்தையே சாய்க்கும். சாரத்துக்கும் சென்ட்ரிங் முட்டுக்கும் நாம் நம்பும் சவுக்கு மரம் தன் உரத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும், தெரியுமா? வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கிறது. அதனால்தான் மரக்காணம் பக்கத்து வெறும் மணலிலும் நாலைந்து ஆண்டில் முட்டுக்கு வெட்டும் உயரம் வந்துவிடுகிறது. 2011 டிசம்பர் 30ல் தானே புயல் கடலூரையும் விழுப்புரத்தையும் அடித்தபோது முந்திரி, பலாவோடு சவுக்குத் தோப்புகளும் சாய்ந்தன.

மழையோடு இடி வந்தால்? மேல்தளத்தில் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும் தூண் கம்பிகளுக்கு நடுவே நிற்பதைவிட ஆபத்தான இடம் இல்லை. இடிச் சத்தம் கேட்டாலே இறங்கிவிட வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் ஏறக் கூடாது. மின்னல் நெருங்குவதைச் சொல்ல புனே வெப்பமண்டல வானிலை நிறுவனத்தின் தாமினி செயலி இருக்கிறது, இலவசம்!

இவ்வளவு வெயிலையும் மழையையும் ஜெயித்த கட்டடம் ஏதாவது உண்டா? விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழிப் பக்கம் மண்டகப்பட்டு இருக்கிறது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் கட்டினேன் என்று பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் அங்கே கல்வெட்டே வெட்டி வைத்திருக்கிறான்! 7ஆம் நூற்றாண்டுக் குடைவரை. வெயிலில் வெடிக்கவும் மழையில் கரையவும் அதில் எதுவும் இல்லை. குடைந்த சிற்பிகளுக்கும் உள்ளே போகப் போக நிழல் கிடைத்திருக்கும்.

கடைசியாக, என்னை மிகவும் வியக்க வைத்த செய்தி. வானிலை மோசம் என்றால் கூலி கொடுக்கும் நாடுகள் இருக்கின்றன, தெரியுமா? பிரான்சில் 1946 முதல் மழை, பனியால் கட்டட வேலை நின்றால் தொழிலாளிக்கு இழப்பீடு உண்டு. ஜெர்மனி 1959ல் 'மோசவானிலைப் பணம்' என்றே ஒன்றைக் கொண்டுவந்தது. இன்று வேறு பெயரில், டிசம்பர் முதல் மார்ச் வரை இழந்த நிகரக் கூலியில் 60 சதவீதம் தருகிறது. இந்தியாவிலும் தொடங்கிவிட்டது! 2021ல் காற்று மாசால் கட்டட வேலையை நிறுத்தியபோது டெல்லி அரசு பதிவு பெற்ற தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் கொடுத்தது. 2024 கோடையில் பெண் தொழிலாளர் சங்கமான சேவா ராஜஸ்தான், குஜராத், மகாராஷ்டிரத்தில் ஏறக்குறைய 50,000 பெண்களுக்கு, வெயில் 40ஐத் தாண்டிய நாள்களுக்காக 400 ரூபாய் கொடுத்தது.

தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். நல்ல அறிவிப்பு. ஆனால் அது செத்த பிறகு கிடைப்பது. மழையில் வேலை நின்ற நாளுக்கும், வெயிலில் நிறுத்திய மதியத்துக்கும் உயிரோடு இருக்கும்போதே ஏதாவது கிடைக்க வேண்டாமா? 1994ல் உருவான கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் நம்மிடம் இருக்கிறது. கட்டட மதிப்பில் 1 சதவீதத்தைத் தொழிலாளர் நலத்துக்கென்றே வசூலிக்கிறோம். பிரான்சும் ஜெர்மனியும் போட்ட கணக்கை இந்த வாரியமும் போடலாம், போட வேண்டும்.

அதுவரை வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுத் தளம் இந்தச் சித்திரையில் என்றால், அதிகாலை 4 மணிக்குத் தொடங்க முடியுமா என்று மேஸ்திரியிடம் முன்கூட்டியே பேசுங்கள். முதல் நாளே ஜல்லிக்குத் தண்ணீர் தெளித்து நிழல் கட்டுங்கள், அதே பந்தலை ஆள் உட்காரும் அளவுக்கு நீட்டுங்கள். தண்ணீர் கேனைக் கீழே வைக்காமல், வேலை நடக்கும் மாடிக்கே ஏற்றி, ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களும் வையுங்கள். கதவுள்ள ஒரு கழிப்பறையை அஸ்திவாரம் தோண்டும் முன்பே கட்டிவிடுங்கள். 18 வயது முடிந்து 60க்குள் இருக்கும் கொத்தனாரும் சித்தாளும் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா, அட்டையைப் புதுப்பித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் விண்ணப்பிக்கக் கூட நின்று உதவுங்கள்.